நேரத்தோடு வந்தவருக்குச் சிறு துளை போதும்

(பாளையங்கோட்டையில் பொதுமக்களுக்காக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடலிறக்கம் என்ற நோயைப் பற்றியும், அதைச் சிறு துளைகள் வழியே சரிசெய்யும் அறுவை முறையைப் பற்றியும் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். இதையெல்லாம் பொதுமேடையில் பேச வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். நோய் வருகிற இடம் அப்படிப்பட்டது. தொடையிடுக்கிலும் விரைப்பையிலும் தொப்புளிலும் வருகிற வீக்கத்தைக் கூடப்பிறந்தவரிடம்கூடச் சொல்லாமல் ஆண்கள் வேட்டிக்குள் மறைக்கிறார்கள், பெண்கள் சேலைக் கட்டுக்குள் மறைக்கிறார்கள். வருடக்கணக்கில் மறைத்த பிறகு, ஒருநாள் இரவில் வலி தாங்காமல் ஆம்புலன்ஸில் வந்து சேருகிறார்கள். அந்தக் கூச்சம் உடைய வேண்டும் என்பதற்காகத்தான் இதைப் பொதுமேடையில் பேச நான் ஒப்புக்கொண்டேன்.

பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம் கடந்து புன்னக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். அந்தக் கரை நெடுகவும் அதைச் சுற்றிலும் உடம்பை நம்பி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அரிசி ஆலையில் நெல் மூட்டை சுமப்பவர்கள், நயினார்குளம் சந்தையில் காய்கறி மூட்டை இறக்குபவர்கள், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைத்தார் சுமப்பவர்கள், உடன்குடித் தேரிக்காட்டில் பனையேறுபவர்கள் என்று பட்டியல் நீளும். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஆலங்குளத்திலும் காலை முதல் இரவு வரை குனிந்து உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு உடம்புதான் முதல். ஒரு மாதம் படுத்தால் ஒரு மாதக் கூலி போய்விடும். அதனால்தான் துளைவழி அறுவையைப் பணக்காரர்களுக்கான சொகுசு என்று நான் எண்ணுவதில்லை. சீக்கிரம் எழுந்து வேலைக்குப் போயாக வேண்டியவருக்குத்தான் அது முதலில் உரியது.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நேரத்தோடு வருகிறவருக்குத்தான் சிறு துளை போதுமானதாக இருக்கிறது. தாமதித்து வருகிறவருக்குப் பெரும்பாலும் வயிற்றைத் திறக்க வேண்டி வருகிறது. இன்று நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு செய்திக்குள் அடங்கும்.

வயிற்றுச் சுவரில் ஒரு பலவீனம்

நம் வயிற்றின் முன்பக்கம் தசையாலும் தசைநார் விரிப்புகளாலும் ஆன ஒரு சுவர் இருக்கிறது. குடலை உள்ளே வைத்துக் காப்பது அதுதான். அந்தச் சுவரில் பிறவியிலேயே பலவீனமான இடங்கள் சில உண்டு. ஆண் சிசு கருவில் இருக்கும்போது விரை வயிற்றுக்குள் உருவாகி, தொடையிடுக்கு வழியாகக் கீழே இறங்குகிறது. அது இறங்கிய பாதை பிறகு மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு முழுவதும் மூடுவதில்லை, சிலருக்கு மூடிய இடம் வயதில் தளர்ந்துவிடுகிறது. அந்த வழியாகக் கொழுப்போ குடலோ வெளியே பிதுங்குவதுதான் தொடையிடுக்குக் குடலிறக்கம். ஆண்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது. பெண்களுக்கு நூற்றில் மூவருக்கு வருவதாகக் கணக்கு. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி குடலிறக்க அறுவைகள் நடக்கின்றன. இவ்வளவு பேருக்கு வருகிற நோயை மறைத்து வைக்க என்ன இருக்கிறது?

"மூட்டை தூக்கினதால வந்துச்சு டாக்டர்" என்று பலர் சொல்வார்கள். சுமை ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. தகப்பனுக்கு இருந்தால் மகனுக்கு வர வாய்ப்பு அதிகம். தீராத இருமல், மலச்சிக்கல், புராஸ்டேட் வீக்கத்தால் முக்கிச் சிறுநீர் கழிப்பது, புகைபிடிப்பது ஆகியவையும் சுவரைப் பலவீனப்படுத்தும். பெண்களுக்கு அடுத்தடுத்த பேறுகாலமும் உடல் பருமனும் தொப்புள் குடலிறக்கத்துக்கு வழி வகுக்கும். முன்பு செய்த அறுவையின் தழும்பு வழியாகவும் குடல் பிதுங்கலாம். ஆகவே அறுவைக்கு வருகிறவருடைய இருமலையும் மலச்சிக்கலையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். இல்லாவிட்டால் அறுவை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நோய் திரும்பும்.

குழந்தைகளைப் பற்றித் தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்குத் தொப்புள் பிதுங்கியிருந்தால் நாணயம் வைத்துக் கட்டுகிற பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அதனால் பயன் இல்லை, தோல்தான் புண்ணாகும். தொப்புள் பிதுக்கம் பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாகவே மூடிவிடும். தொடையிடுக்கில் வரும் வீக்கம் அப்படி இல்லை. அது தானாக மூடாது. குழந்தைக்கு அங்கே வீக்கம் தெரிந்தால் காத்திராமல் குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரியவர்களுக்கு வருகிற குடலிறக்கம் மருந்தால் மறையாது. எண்ணெய் தேய்த்தாலும் மறையாது. பெல்ட் கட்டினால் வீக்கம் சற்று நேரம் உள்ளே நிற்குமே தவிர, சுவரில் விழுந்த துளை மூடாது. துளை மூட வேண்டுமானால் அறுவைதான் வழி.

ஓர் அறுவையின் வரலாறு

இந்த நோய்க்கு நம்பகமான அறுவை முறையை முதலில் வகுத்தவர் இத்தாலியின் பாதுவா நகரத்து எட்வார்டோ பாசினி. 1880களில் அவர் தொடையிடுக்கின் பின்சுவரை அடுக்கடுக்காகத் தைத்துப் பலப்படுத்திக் காட்டினார். சுமார் நூறாண்டுக் காலம் உலகம் அந்த வழியில்தான் நடந்தது. அதில் ஒரு குறை இருந்தது. தளர்ந்த தசையை இழுத்துத் தைப்பதால் தையலில் இழுவிசை நிற்கும். வலியும் அதனால்தான், நோய் திரும்பி வருவதும் பெரும்பாலும் அதனால்தான். அமெரிக்காவின் இர்விங் லிக்டென்ஸ்டைன் 1980களில் தசையை இழுக்காமல், பாலிபுரொப்பிலீன் இழையால் நெய்த வலையைத் துளையின் மேல் விரித்துத் தைத்தார். சில வாரங்களில் அந்த வலையின் கண்களுக்குள் உடலின் சொந்தத் திசு வளர்ந்து, வலையும் சுவரும் ஒன்றாகிவிடுகின்றன. இன்றும் உலகில் மிகப் பரவலாகச் செய்யப்படும் திறந்த அறுவை இதுதான்.

இன்னொரு பக்கம் துளைவழி அறுவை தனியே வளர்ந்து வந்தது. ஜெர்மனியின் கீல் நகரத்தில் மகளிர் மருத்துவராக இருந்த குர்ட் செம் 1980இல் குடல்வாலைத் துளை வழியே அகற்றினார். 1985இல் அதே நாட்டின் எரிக் மியூஹே பித்தப்பையை அப்படி எடுத்தார். இருவருக்கும் சக மருத்துவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. பத்தாண்டுக்குள் உலகமே அந்த வழிக்கு வந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் குடலிறக்கத்துக்கும் துளைவழி முறைகள் இரண்டு வகுக்கப்பட்டன.

இந்தியாவில் இந்தக் கதையைத் தொடங்கியவர் மும்பையின் டெகம்டன் உத்வாடியா. 1970களிலேயே வயிற்றுக்குள் கருவியைச் செலுத்தி நோயைக் கண்டறிந்துவந்த அவர், 1990இல் ஜே.ஜே. மருத்துவமனையில் துளைவழியாகப் பித்தப்பையை அகற்றினார். ஓர் அரசு மருத்துவமனையில் அது நடந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. வளரும் நாடுகளுக்கு இந்த முறை எட்டாக்கனி என்று பலர் சொன்ன காலத்தில், ஏழைக்குத்தான் இது அதிகம் தேவை என்று வாதாடியவர் அவர். 2023இல் மறைந்தார்.

தமிழ்நாட்டில் அந்த விளக்கை ஏந்தியவர் கோயம்புத்தூரின் சி. பழனிவேலு. மலேசியத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்து, மற்றவர்களைவிடத் தாமதமாகப் பள்ளிப்படிப்பை முடித்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1990களின் தொடக்கத்திலிருந்து கோவையில் துளைவழி அறுவையைச் செய்தும் கற்பித்தும் ஒரு தலைமுறையை உருவாக்கினார். சென்னைக்கு வெளியே ஓர் ஊரில் இருந்துகொண்டே உலகத் தரத்தில் இதைச் செய்ய முடியும் என்று அவர் காட்டியது, எங்களைப் போன்ற தென்மாவட்டத்து மருத்துவர்களுக்குப் பெரிய துணிவைத் தந்தது.

நம் பகுதிக்கும் அறுவை மருத்துவத்தில் பழைய உறவு உண்டு. மலைக்கு அந்தப்பக்கம் நெய்யூரில், எவரெஸ்ட் ஏறும் குழுக்களில் 1922இலும் 1924இலும் இடம்பெற்ற ஹோவர்ட் சோமர்வெல், தன் நாட்டு மருத்துவ வாய்ப்புகளை விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் ஏழைகளுக்கு வயிற்று அறுவை செய்தார். 1965இல் இங்கே ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, அறுவைக்கு மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ ஓட வேண்டிய அவசியம் குறைந்தது.

உள்ளே என்ன நடக்கிறது?

தொப்புளை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு துளை, அதற்குக் கீழே அரை சென்டிமீட்டர் அளவில் இரண்டு துளைகள். பெரும்பாலும் இவ்வளவுதான். முழு மயக்கம் கொடுத்த பிறகு, கரியமில வாயுவைச் செலுத்தி உள்ளே இடம் உண்டாக்குகிறோம். முதல் துளை வழியே கேமரா போகிறது. மற்ற இரண்டில் மெல்லிய கருவிகள். திரையைப் பார்த்தபடி, வெளியே பிதுங்கிய பையை உள்ளே இழுத்து, அந்த இடத்தைச் சுத்தமாகப் பிரித்து, சுருட்டிய வலையைச் செலுத்தி விரிக்கிறோம். வயிற்றறைக்குள் நுழைந்து, அதன் உள்ளுறையைத் திறந்து செய்வது ஒரு முறை. உள்ளுறைக்குள் நுழையாமல், தசைக்கும் அதற்கும் இடையிலேயே வேலை செய்வது இன்னொரு முறை. இரண்டும் நல்ல முறைகள்தான். மருத்துவருக்கு எதில் கை பழகியதோ அதைச் செய்வது நல்லது.

திறந்த அறுவையில் வலை தசையின் வெளிப்பக்கம் வைக்கப்படுகிறது, துளைவழி அறுவையில் உட்பக்கம். இதன் பொருள் ஆற்றுப்பாசனக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். கன்னடியன் கால்வாய்க் கரையில் உடைப்பு எடுத்தால், மண்மூட்டையைத் தண்ணீர்ப் பக்கமாகப் போட்டால் தண்ணீரே அதை அழுத்திப் பிடிக்கும். வயல் பக்கமாகப் போட்டால் அதைத் தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். உள்ளிருந்து வைக்கும் வலையும் அப்படித்தான். இருமும்போதும் முக்கும்போதும் வயிற்றின் அழுத்தமே வலையைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கிறது. அதோடு, 10க்கு 15 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரே வலை, அந்தப் பகுதியில் குடல் பிதுங்கக்கூடிய மூன்று இடங்களையும் ஒருசேர மூடிவிடுகிறது. இரண்டு பக்கமும் குடலிறக்கம் இருந்தால் அதே மூன்று துளைகள் வழியே இரண்டையும் சரிசெய்யலாம்.

விளம்பரப் பலகைகளைப் பார்த்துப் பலர் இதை 'லேசர் ஆப்பரேஷன்' என்று சொல்கிறார்கள். இதில் லேசருக்கு வேலையே இல்லை. ஒளி, கேமரா, மெல்லிய கருவிகள், பழகிய கை ஆகிய நான்கும்தான் இதன் ஆதாரம். லேசர் என்ற சொல்லுக்காக யாரும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

யாருக்கு எந்த வழி?

துளைவழி அறுவையில் வலி குறைவு. காயத்தில் சீழ் பிடிப்பது அரிது. அன்று மாலையே எழுந்து நடக்கலாம், பெரும்பாலோர் மறுநாள் வீடு திரும்பலாம், வேலைக்கும் சீக்கிரம் போகலாம். இரண்டு பக்கமும் நோய் உள்ளவருக்கும், முன்பு திறந்த முறையில் செய்து நோய் திரும்பியவருக்கும், பெண்களுக்கும் இதுவே நல்ல வழி என்று 2018இல் வெளிவந்த பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பெண்களைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. அவர்களுக்குத் தொடையின் மேற்பகுதியில் வரும் குடலிறக்கம் எளிதில் சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் அது பல சமயம் தெரியாது. உள்ளிருந்து பார்க்கும் கேமராவுக்குத் தெரியும்.

அதே சமயம், திறந்த அறுவை தாழ்ந்தது என்று யாரும் எண்ணக் கூடாது. இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள முதியவருக்கு முழு மயக்கம் ஆபத்தாக இருக்கலாம். அவருக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து திறந்த முறையில் வலை வைப்பதே பாதுகாப்பு. விரைப்பை வரை இறங்கிப் பல ஆண்டு ஆகிவிட்ட பெரிய குடலிறக்கத்துக்கும், முன்பு அடிவயிற்றில் பெரிய அறுவை செய்துகொண்டவருக்கும் திறந்த வழி பல சமயம் உகந்தது.

மருத்துவரின் அனுபவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், துளைவழி அறுவை செய்துகொண்டவர்களில் 10 விழுக்காட்டினருக்கு இரண்டே ஆண்டில் நோய் திரும்பியது. திறந்த அறுவையில் அது 5 விழுக்காடுதான். ஆனால் 250க்கு மேல் துளைவழி அறுவை செய்து பழகிய மருத்துவர்களிடம் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஆகவே அறுவைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "இந்த முறையில் நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? எனக்கு ஏன் இந்த முறை? என்ன சிக்கல் வரலாம்?" நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். சிலருக்கு நீர் கோத்த வீக்கமோ, சிறுநீர் கழிப்பதில் சிரமமோ தற்காலிகமாக வரும். சிலருக்கு நீடித்த வலி தங்கலாம். மிக அரிதாகக் குடலிலோ ரத்தக்குழாயிலோ காயம் படலாம். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லுவது மருத்துவரின் கடமை.

தொந்தரவே இல்லாத சிறிய வீக்கத்துக்கு ஆண்கள் உடனே அறுவை செய்துதான் ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. மருத்துவரிடம் காட்டி, கவனித்துக்கொண்டே காத்திருக்கலாம். ஆனால் அப்படிக் காத்திருந்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், பத்தாண்டுக்குள் மூவரில் இருவர் வலி கூடியதால் அறுவைக்கு வந்தார்கள். மருத்துவர் கண்காணிப்பில் காத்திருப்பதும் யாரிடமும் சொல்லாமல் மறைப்பதும் ஒன்றல்ல.

பணமும் நேரமும்

செலவைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. அரசு மருத்துவமனைகளில் குடலிறக்க அறுவை இலவசம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். பீடித் தொழிலாளர்களுக்கு முக்கூடலில் மத்திய அரசின் மருத்துவமனை இருக்கிறது. அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே, எந்த மருத்துவமனையில் எந்த முறைக்குக் காப்பீடு செல்லும் என்று காப்பீட்டு உதவி மையத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

செலவைக் குறைக்க நம் நாட்டு மருத்துவர்களே வழி கண்டிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சா என்ற சிற்றூரில் ரவீந்திரநாத் தோங்காவ்கர் என்ற அறுவை மருத்துவர், கொசுவலைத் துணியை முறைப்படி கிருமிநீக்கம் செய்து, விலை உயர்ந்த வலைக்குப் பதிலாகப் பயன்படுத்தினார். பிற்பாடு உகாண்டாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு, குறைந்த விலைக் கொசுவலை வணிக வலைக்கு ஈடாகவே வேலை செய்கிறது என்று உறுதிப்படுத்தியது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஜே. ஞானராஜ், வாயு இல்லாமலேயே வயிற்றுச் சுவரைத் தூக்கிப் பிடித்துத் துளைவழி அறுவை செய்யும் முறையை வடகிழக்கு மலைக்கிராமங்கள் வரை கொண்டு போனார். இந்த முறையில் தண்டுவட மயக்கமே போதும் என்பதால் சிறிய மருத்துவமனைகளிலும் செய்ய முடிகிறது. இப்படிப்பட்ட முயற்சிகள் அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் போன்ற வட்ட மருத்துவமனைகளுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

இனி, நீங்கள் மறக்கவே கூடாத ஒன்று. படுத்தால் உள்ளே போய்க்கொண்டிருந்த வீக்கம் திடீரென உள்ளே போகாமல் கெட்டியாகி, கடுமையாக வலித்தால், அதோடு வாந்தி வந்தால், வயிறு உப்பினால், காற்றும் மலமும் பிரியாமல் நின்றால், குடல் சிக்கிக்கொண்டது என்று பொருள். ரத்த ஓட்டம் நின்ற குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அந்த நேரத்தில் வீக்கத்தை அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள். சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். ஒத்தடம் கொடுத்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். அப்போது அவசர அறுவைதான் செய்ய முடியும். பெரும்பாலும் வயிற்றைத் திறந்துதான் செய்ய வேண்டும். அழுகிய குடல் துண்டை வெட்டியெடுக்க வேண்டியும் வரலாம். மூன்று துளைகளில் முடிந்திருக்க வேண்டிய வேலை, உயிரைப் பணயம் வைக்கிற போராட்டமாகிவிடும். அந்தப் போராட்டத்தில் தோற்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மரணங்களில் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம் என்று தெரிவதுதான் அதிகம் வலிக்கிறது.

அறுவை முடிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. படுத்தே கிடக்காதீர்கள், அன்றே நடங்கள். நார்ச்சத்துள்ள உணவும் தண்ணீரும் தாராளமாக எடுத்து, முக்காமல் மலம் கழியுங்கள். பீடி, சிகரெட்டை விடுங்கள். அன்றாட வேலையை வலி இடம் கொடுக்கும் அளவுக்குத் தொடங்கலாம். மூட்டை தூக்குகிறவர்களும் பனையேறுகிறவர்களும் மட்டும் தங்கள் மருத்துவர் குறித்த நாள் வரை பொறுத்திருக்க வேண்டும்.

கடைசியாக மூன்று தரப்பினரிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். ஆலை முதலாளிகளே, சந்தைக் கமிஷன் கடைக்காரர்களே, உங்களிடம் சுமை தூக்குகிறவர்களை ஆண்டுக்கொரு முறை மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள். அறுவை தேவைப்படுகிறவருக்கு விடுப்பும் அந்த நாள்களுக்குக் கூலியும் கொடுங்கள். மருத்துவ ஊழியர்களிடம் சொல்கிறேன்: மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு வீடாகப் போகிற நீங்கள், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும்போது, "அடிவயிற்றில், தொடையிடுக்கில் ஏதாவது வீக்கம் இருக்கிறதா?" என்று கூடுதலாக ஒரு கேள்வி கேளுங்கள். தாய்மார்களே, உங்கள் வீட்டுக்காரரும் மகனும் மறைத்தால் நீங்கள் கேளுங்கள். உங்களுக்கே இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நாளைக் காலை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் புறநோயாளிச் சீட்டு எழுதி, பொது அறுவைப் பிரிவில் காட்டுங்கள். பரிசோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். இந்த நோயில் உயிரைக் காப்பாற்றுவது முதலில் அந்தச் சில நிமிடங்கள்தான். எங்கள் கத்தியும் கேமராவும் அதற்குப் பிறகுதான்.